ராக்காயி சொன்ன “நாங்க”

இன்று ஈப்போவில் என் பெயரில் லாரிகள் ஓடுகின்றன. பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை; யார் கையையும் பிடித்து மேலே வந்தவனும் இல்லை. உடையப்பனுக்குப் புரியாத விவகாரம் கிடையாது என்று பெரிய மனிதர்களே சொல்வார்கள். ஆனால் ராக்காயி விவகாரம் மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களோடு பால்மரம் வெட்டியவள் அவள். நெட்டையாக இருப்பாள், அதிகம் பேசமாட்டாள். புருஷன் ஐயாவு முன்னமே கடற்கரை ஊரான லூமுட்டுக்குப் போய்ப் படகு வேலையில் சேர்ந்துவிட்டான். அவனிடம் போய்ச் சேரவேண்டும், அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் சொன்னால் எந்த ஆளும் போகலாம் என்பது சட்டம். எங்களைக் கப்பலேற்றிக் கூட்டிவந்த கங்காணி பத்துமலையோ, “எங்கூட்டத்துல வந்தவ, எங்கூட்டத்தோடதான் போவணும்” என்பார்.

ஒருநாள் விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் நாங்கள் வரிசையாக நிற்கும்போது லேபர் ஆபீசர் வந்தார். வெள்ளைக்காரர். அவர் கேட்பதைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பெரியநாயகம் தமிழில் சொன்னார். ராக்காயி முன்னால் போனாள்.

“நாங்க போறோம் சாமி.”

“நாங்கன்னா யாரும்மா?” என்றார் கிராணி.

புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்? யாராவது சொல்லித் தொலையுங்களேன் என்பதுபோலத் திரும்பி, எங்களைப் பார்த்துக் கையை நீட்டினாள். கூட்டத்திலேயே வாய்த்துடுக்கானவன் நான்தான். நானே வாயைத் திறப்பதற்குள் ஆபீசர் அவள் நீட்டிய கையைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“மொத்தக் கூட்டமுமான்னு கேக்குறாரு” என்றார் கிராணி.

தன் பிடியைக் காட்டப் பத்துமலைக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? மீசையைத் தடவிக்கொண்டு, “ஒண்ணா வந்தோம், போனா ஒண்ணாத்தான் போவோம்!” என்றார்.

மொத்தக் கூட்டத்துக்கும் நோட்டீஸ் எழுதியாகிவிட்டது. கங்காணிக்கும் சேர்த்து.

நாங்கள் குடியிருந்த லயத்தில் ஒரே குழப்பம். “அண்ணே, நாம போறோமா, இருக்கோமா?” என்று கங்காணியிடம் கேட்டாள் எங்கள் கூட்டத்துக் காளியம்மா.

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி!” என்று கத்தினார் பத்துமலை.

மறுநாள் தோட்டத் துரை எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். இருக்க நினைப்பவர் “நான் இருக்கிறேன்” என்று சொன்னால் போதும். எங்கள் ஆட்களுக்கு அந்த “நான்” வாயில் வரவில்லை. “நாங்க இருக்கோம் தொரை” என்றே ஒவ்வொருவரும் சொன்னார்கள். கிராணி தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏன்யா, ஒத்த ஆளா நின்னுக்கிட்டு நாங்கங்கிற?”

என் முறை வந்தபோது துரையிடம் நான் என்ன சொன்னேனோ, நினைவில்லை.

ராக்காயி முறை வந்தது. “நாங்க போறோம்.”

“ஒம் புருஷன்தான் இங்க இல்லியே!” என்றார் கிராணி.

“அவரு இங்க இல்லேன்னுதான் போறோம்.”

மாதம் முடிந்து அவள் மூட்டையோடு கிளம்பியபோது, வழியனுப்பக் கூட்டமே பின்னால் நடந்தது. “டேய், எல்லாரும் எங்கடா போறீங்க?” என்று அலறிக்கொண்டு பத்துமலையும் கூடவே ஓடிவந்தார். தோட்டத்து வாசலில் எல்லோரும் நின்று திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. கால் தன் பாட்டுக்குத் தாப்பா சாலையில் போனது. அந்தக் கால்தான் என்னை ஈப்போவுக்குக் கொண்டுவந்து முதலாளி ஆக்கியது.

ராக்காயி லூமுட்டில் புருஷனோடு சேர்ந்து கருவாடு விற்றுப் பிழைத்தாள். லாரி வாங்கிய பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன்.

“அக்கா, அன்னிக்கு நாங்கன்னு சொன்னியே, அதுல நானும் உண்டா?”

கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தெரியலியே தம்பி. நீதான் வந்துட்டியே.”

லாரி ஈப்போ வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.