எலிக்கும் அவளுக்கும் ஒரே மருந்து

என் மனைவியின் மார்புக்குள் ஓர் உலோக வால்வு இருக்கிறது. வீட்டில் சத்தம் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அது அடிப்பது கேட்கும், மலிவான கைக்கடிகாரம் போல. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதயத்தைக் கெடுத்திருந்தது. அது தெரிய வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகியிருந்தது, ஒரு மகளும் இருந்தாள். வேலூரில் அறுவை சிகிச்சை நடந்தது. உலோகத்தின் மேல் ரத்தம் கட்டிக்கொள்ளும், அதனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் சந்தவாசல் பக்கத்தில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியன். அவள் பட்டு நெய்கிறவள். ஆரணியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் தறி இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் தறியில் உட்காரக் கூடாது என்றார்கள், ஏழாவது மாதம் உட்கார்ந்துவிட்டாள். சும்மா இருப்பதுதான் தனக்குப் பேஜார் என்று சொன்னாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் எலித் தொல்லை அதிகம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவோம். அந்தக் கஞ்சி வாசனைக்குத்தான் எலி வரும், பட்டு அதற்கு வேண்டாம். ஆனால் கஞ்சியை நக்கும்போது நூலும் போய்விடும். ஒரு கடி கடித்தால் அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிச்சுப் போட அரை நாள் ஆகும். தெருவில் எல்லோரும் கடையில் விற்கும் எலி கேக்கை வாங்கி வைத்தார்கள், நாங்களும் வைத்தோம். நீல நிறத்தில் சோப்புத் துண்டு போல இருக்கும். தின்ற எலி உடனே சாகாது. மூன்று நாள், நான்கு நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. முதல் இரண்டு வருடம் நன்றாக வேலை செய்தது. பிறகு, வைத்த கேக் காலையில் காணாமல் போகும், செத்த எலி மட்டும் கிடைக்காது. என் மனைவி கடைக்காரரிடம் போய்ப் போலி மருந்து விற்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வந்தாள். அவர் வேறு பெட்டி கொடுத்தார். அதையும் எலிகள் தின்றன.

மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வேலூர் போவோம். அதே நாளில் கண்ணமங்கலத்தில் ஒரு பெண்மணி பஸ் ஏறுவார். கூலி வேலை செய்கிறவர், அவருக்கும் வால்வு வைத்திருந்தது, அவருக்கும் அதே மாத்திரை. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைக் கணக்கைப் பேசிக்கொண்டு வருவார்கள். அவருக்கு ஒரு மாத்திரை, சில நாள் அரை. அவ்வளவில் ரத்தம் சரியாக இருந்தது. என் மனைவிக்கு ஒன்றில் ஆரம்பித்து, இரண்டாகி, மூன்றாகி, நான்கு ஆகியும் ரத்தம் சீக்கிரமே உறைந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டர் கூட்டிக்கொண்டே போனார்.

"உனக்கு மட்டும் இன்னாத்துக்குமா இத்தினி?" என்று அந்தப் பெண்மணி ஒருநாள் கேட்டார். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குப் பாதி தெரியும். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது இது. ஆபரேஷன் நடந்த வாரமே அந்த மருந்தைப் பற்றிப் படித்திருந்தேன். ரொம்ப காலத்துக்கு முன்பு குளிர்நாடுகளில் பூஞ்சை பிடித்த தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. அந்தத் தீவனத்தில் இருந்த பொருளை வைத்து எலி மருந்து செய்தார்கள். பிறகு அதே மருந்தை அளவு குறைத்து மனிதனுக்கும் கொடுத்தார்கள். இன்றைய எலி கேக்கில் இருப்பது அதைவிடக் கடுமையானது, ஆனாலும் ஒரே குடும்பம், ஒரே வேலை. இதை அவளிடம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். பயப்படுவாள் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

அவளே கண்டுபிடித்தாள். புதிதாக வாங்கிய கேக் பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. தறியில் உட்காரும் முன் அதைப் படித்திருக்கிறாள். தவறிச் சாப்பிட்டுவிட்டால் முறிவு மருந்து வைட்டமின் கே என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் புத்தகத்தில் கீரை சாப்பிடுவதைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதில் வைட்டமின் கே இருக்கிறது என்று போட்டிருக்கும். அவள் பள்ளிக்கூடம் போனது எட்டாவது வரைதான், ஆனால் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாள்.

நான் பள்ளிக்குக் கிளம்பும்போது கேட்டாள். "எலிக்கு வெக்கறதும் எனக்குக் குடுக்கறதும் ஒண்ணாங்க?"

"ஒரே மாதிரி. அளவுதான் வேற."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன். சாயங்காலம் அவளும் சாதாரணமாகத்தான் இருந்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அவள் மாத்திரை சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழு நாளைக்கான மாத்திரைகளை டப்பாவில் நான்தான் போட்டு வைப்பேன். டப்பா காலியாகிக்கொண்டுதான் இருந்தது. அவள் அவற்றை ஒரு காகிதத்தில் மடித்துப் புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தூக்கிப் போட மனம் வரவில்லை என்று பிறகு சொன்னாள்.

ஒன்பதாவது நாள் சனிக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். தறிச் சத்தம் பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தேன். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை இழுக்கும் கயிறு அவள் வலது கையிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். ஏதோ சொன்னாள். வார்த்தைகள் வந்தன, ஆனால் ஒன்றோடொன்று சேரவில்லை. வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. மகளைக் கூப்பிட்டு, எதிர் வீட்டுக்காரரின் காரைக் கேட்டு வாங்கி, அவளை ஏற்றினோம்.

கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. முதலில் தெளிவாகச் சொன்னது, "ஒன்பது நாளா சாப்புடலை" என்பதுதான். முன் சீட்டில் இருந்த மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வால்வில் சிறு ரத்தக் கட்டி இருந்தது, அதிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போய்த் தானாகக் கரைந்திருக்கலாம் என்றார்கள். ஊசி மருந்து கொடுத்து எட்டு நாள் வைத்திருந்தார்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாதான் அப்போதும் வந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் எலி கேக் விஷயத்தை அப்படியே சொன்னாள். நாலு மாத்திரை சாப்பிட்டும் தன் ரத்தம் மாறவில்லை, எங்கள் வீட்டு எலியும் தின்றுகொண்டே இருக்கிறது, சாகவில்லை, அதனால் இது மருந்தே இல்லை, வெறும் விஷம் என்று நினைத்ததாகச் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும், அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த உடம்பில் ஒரு மரபணு வேண்டும், அது எலிக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு, நமக்கும் உண்டு என்றார் அவர். இந்த மருந்து போய் மறிப்பது அந்த இடத்தைத்தான். பிறக்கும்போதே அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது. அப்படிப்பட்ட எலி விஷத்தைத் தின்றும் பிழைக்கும், அப்படிப்பட்ட மனிதருக்கு அதிக மாத்திரை வேண்டும். என் மனைவிக்கும் அப்படி இருக்கலாம், சோதித்துப் பார்க்கவில்லை, பார்த்தாலும் மாதாந்திர ரத்தப் பரிசோதனை சொல்வதைத்தான் பின்பற்ற வேண்டும் என்றார்.

அவள் கேட்டாள். "அப்போ எலியைக் காப்பாத்தறதே என்னைக் கொல்லுமா?"

"மாத்திரையை விட்டீங்கன்னா, ஆமாம். அதுக்குத் தகுந்த அளவு சாப்பிட்டா, இல்லை."

பிறகு மகளைப் பற்றிக் கேட்டாள். அவளுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இந்த மருந்து தேவைப்படாதவரை அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். அந்த எட்டு நாளில் என் மனைவி நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது நான் வகுப்பில் இயற்கைத் தேர்வு பாடத்தை எப்படி நடத்துகிறேன் என்று யோசித்தேன். மருந்து எலியை மாற்றுவதில்லை. மாறிய எலி ஒன்றிரண்டு முன்பே இருந்திருக்கும். மற்றவை சாகச் சாக, அவற்றின் இடமும் உணவும் மாறிய எலியின் குட்டிகளுக்குப் போயிருக்கும். எங்கள் தெருவே சேர்ந்து வருடக்கணக்கில் அந்தக் குட்டிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கலாம். வெளிநாட்டில் சில சுண்டெலிகளுக்கு இந்த மாற்றம் வேறோர் எலி இனத்தோடு கலந்ததில் கிடைத்தது என்றும் படித்திருக்கிறேன். எங்கள் எலிகளை யாரும் சோதிக்கவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். என் மனைவியின் கதை வேறு. அவளை எந்த விஷமும் தேர்ந்தெடுக்கவில்லை. யாரோ ஒரு மூதாதையிடம் தற்செயலாக நேர்ந்தது, யாருக்கும் கெடுதல் செய்யாமல் அவள்வரை வந்து சேர்ந்திருக்கிறது. இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும், வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம், இனி டாக்டர் சொல்வதையும் நீங்கள் படிப்பதையும் எனக்கும் சொல்லுங்கள் என்றாள். மாத்திரை டப்பாவைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். இப்போது ஐந்து மாத்திரை. ரத்தம் டாக்டர் சொல்கிற அளவில் நிற்கிறது.

கேக் வைப்பதை நிறுத்தினோம். கொத்தனாரை வைத்துச் சுவர் ஓட்டைகளைக் கண்ணாடித் தூள் கலந்த சிமெண்டால் அடைத்தோம், கூண்டு வைத்தோம். எலி முழுக்கப் போகவில்லை, குறைந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது, தெருவில் எல்லோருமே கேக்கை நிறுத்தினால் பழையபடி சாகிற எலி திரும்ப வருமா என்று கேட்டாள். வரலாம் என்றேன். மருந்துக்கு மசியாத எலிக்கு வைட்டமின் கே அதிகம் தேவைப்படுகிறது, விஷம் இல்லாத இடத்தில் அது மற்ற எலிகளைவிடப் பின்தங்கும், ஆனால் ஒரு வீடு நிறுத்தினால் போதாது என்றேன்.

மறுநாள் அவள் எதிர்வரிசையில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் இன்னும் அந்த நீலத் துண்டைத்தான் வாங்குகிறார்கள்.