எரியும் வண்டியை ஏரிக்கு ஓட்டியவர்

வைக்கோல் உருளை ஒன்று லாரியின் உச்சியிலிருந்து மண்ணில் விழும்போது, அடிவயிற்றில் இறங்குவதுபோல் கனமாக ஒரு சத்தம் வரும். கொட்டகையில் நிற்கும் மாடுகள் மூன்றும் தலையைத் தூக்கும். கணவர் காலமாகி, மகளும் கல்யாணமாகிப் போன பிறகு, என்னைத் தேடி வாசலுக்கு வந்த சத்தம் அது ஒன்றுதான்.

வைக்கோல் கொண்டுவந்தவரை ஊரே டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடும். ஊத்துக்கோட்டைப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் இயந்திரம் சுருட்டிக் கட்டிப்போடும் உருளைகளைத் தன் சொந்த லாரியில் ஏற்றிவந்து, கும்மிடிப்பூண்டி வரை மாடு வைத்திருப்பவர்களுக்கு இறக்குவார். அவருக்கும் வீட்டில் யாரும் இல்லை. மேலே ஏறி ஒவ்வொன்றாக உருட்டிவிடுவார். நான் கீழே நின்று கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போவேன். அதிகம் பேசமாட்டோம். ஆனாலும் ஒருவர் உருட்ட ஒருவர் தள்ள, அதுவே பேசிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே, "ஒண்டியா இருந்துகினு எதுக்கு தங்கச்சி மூணு மாடு?" என்பார். "ஒண்டியா இருக்கறதாலதாண்ணா" என்பேன். சிரிப்பார்.

ஒரு தை மாதப் பகலில், எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பியபோது, தாழத் தொங்கிய மின்கம்பி மேலடுக்கில் உரசியது. கொட்டகைப் படலைத் திறந்து வைத்திருந்த நான்தான் முதலில் புகையைப் பார்த்தேன். "அண்ணா, நெருப்பு! வண்டிய உட்டுட்டு குதி!" என்று கத்தினேன். இறங்கிப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் கூரை வீடுகள். மறுபடி ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஊடுங்க பத்திக்கும் தங்கச்சி! எல்லாரையும் நவுரச் சொல்லு!"

கொளுந்துவிட்டு எரியும் லாரியை ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். ஏரிக்கரைச் சரிவில் இறக்கித் தண்ணீருக்குள் விட்ட பிறகுதான் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறார். கதவின் இரும்பு அதற்குள் பழுக்கக் காய்ந்திருந்தது; அதைத் தள்ளித் திறந்துதான் வெளியே வந்தார். எங்கள் தெருவில் ஒரு கீற்றுகூடக் கருகவில்லை. அவருடைய இரண்டு கைகளும் வெந்துபோயின.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கைகளை மார்பின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். "மாட்டுக்கு இன்னா போட்ற?" என்றுதான் முதலில் கேட்டார். முதல் வாரம் தெருவே கஞ்சியும் பழமுமாகப் போய்ப் பார்த்தது. பிறகு அவரவர்க்கு அவரவர் வேலை வந்துவிட்டது.

இப்போது வைக்கோல் கொண்டுவரும் பையன்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, மொத்தத்தையும் வாசலில் சரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அத்தனையையும் நான் ஒருத்தியே உள்ளே தள்ளுகிறேன்.

டிரைவர் அண்ணன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் கேட்டுக்குக் காவல் இருக்கிறார். சேர்ந்து ஒட்டிப்போன விரல்களால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. போன மாதம் பார்க்கப் போனேன்.

"வண்டி சத்தம் கேட்டா காலு தானா கிளச்ச தேடுது தங்கச்சி" என்றார்.

"வருத்தமா இருக்குதாண்ணா?"

பதில் சொல்வதற்குள் ஒரு டிரெய்லர் வந்து ஹாரன் அடித்தது. முழங்கையால் கேட்டைத் தள்ளித் திறந்தார். வண்டி உள்ளே போய், அதன் சத்தம் அடங்கிய பிறகும், அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெகுநேரம் காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டேன்.