வென்றவர்கள் வரிசையில் ஒரு முகம்

"கள்ளக் கூட்டமெண்டால் வெண்ட ஆக்களின்ர படத்தைப் போடுவாங்களே?"

ஒரு கிழமையாக என் கணவர் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சண்டைக் காலம். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டிலிருந்து இறங்கினால் சந்தியில் ஒரு இன்ரநெற் கடை இருந்தது. வேலை முடிந்ததும் அவர் அங்கே போய்க் குந்திவிடுவார். ஏதோவொரு இணையத்தளத்தில் மூன்று கேள்விக்குச் சரியான பதில் எழுதினால் கார் பரிசாம். கேள்விகளைப் பார்த்தேன். சூரியன் எந்தத் திசையில் உதிக்கும் என்கிற தரம். அதற்கு ஒரு கார்!

"சைக்கிளையே ஆமிச் சென்றியில இறங்கி உருட்டிற ஊரில காரை வச்சு என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டேன்.

"வித்துப்போட்டு வெளியில போவம்" என்றார்.

அந்தப் பதிலுக்கு மேல் என்னால் சிரிக்க முடியவில்லை. அப்போது வெளியில் போக ஆசைப்படாதவர் யார்? ஆனாலும் ஆசைக்கு ஒரு கண்ணாவது இருக்க வேண்டும். ஒரு நாள் அவரோடு கடைக்குப் போய், பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தளத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். விலாசம் இல்லை. தொலைபேசி இலக்கம் இல்லை. போட்டியை நடத்துவது யார், எப்போது முடியும், வென்றவரை எப்படித் தெரிவுசெய்கிறார்கள், ஒன்றுமே இல்லை. ஆனால் பரிசை அனுப்பும் செலவை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

"பரிசு தாறவன் எதுக்கு உங்களிட்டக் காசு கேக்கிறான்?"

"படங்களைப் பாரும். எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிக்கினம். முகம் காட்டுறவன் ஏமாத்த மாட்டான்."

சரி, படங்களையே பார்ப்போம் என்று அவரிடமிருந்து மவுஸை வாங்கினேன். அவர் முதல் பக்கத்தோடு நின்றவர். நான் அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போனேன். ஒரே முகம் இரண்டு பெயரில் வந்தால் கையும் களவுமாகப் பிடித்து அவருடைய வாயை அடைக்கலாம் என்பது என் எண்ணம். அப்படித் தேடிக்கொண்டு போனபோதுதான் என் அக்காவின் மகனைக் கண்டேன்.

அக்கா சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் இருந்தாள். கருவாடு போட்டுச் சீவித்தவள். அவளுடைய ஒரே மகன் அதற்கு முந்திய வருடம் சைக்கிளில் கருவாட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு ரவுனுக்கு வந்தவன், திரும்பிப் போகவில்லை. சைக்கிள் கிடைத்தது. மூட்டையும் அவிழ்க்காமல் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. படத்தைப் பிரதி எடுத்து நாங்கள் ஏறாத கந்தோர் இல்லை, எழுதாத கடிதம் இல்லை. காணாமல் போனவர்களின் படங்களை இணையத்தில் போடுகிற ஒரு அமைப்புக்கும் கொடுத்திருந்தோம்.

அந்தப் பிள்ளைதான் இந்தத் தளத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே வேறொரு பெயர். ஊர், மலேசியா. அதற்கும் கீழே, 'இந்தப் பரிசு என் வாழ்க்கையையே மாற்றிவிட்டது' என்று அவன் சொன்னதாக ஒரு வாசகம். எனக்கு அந்தக் கணினியைத் தூக்கி நிலத்தில் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

என் கணவரோ துள்ளி எழும்பினார். "உயிரோட இருக்கிறான், பாத்தீரே!"

"களவெடுத்துப் போட்டிருக்கிறாங்கள். அக்காட்ட மட்டும் வாய் திறக்காதேங்கோ" என்றேன். தலையாட்டினார். அடுத்த நாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சல்லிக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. நல்ல சேதியை அடக்கி வைக்கத் தெரியாத மனுஷன். அந்த நல்ல மனதுக்காகவே அன்றைக்கு அவரை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை.

மத்தியானத்துக்கு முன் அக்கா வந்துவிட்டாள். நல்ல சேலை உடுத்திருந்தாள். நெற்றியில் குங்குமம்.

"முத்துமாரிக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டு வாறன். அம்மாள் கண் திறந்திட்டா. ஏனடி, மலேசியாவுக்கு இஞ்சயிருந்து ரெலிபோன் எடுக்க ஏலுமே?"

ஒரு காருக்கான பேச்சாக இருந்தவரை அந்தத் தளம் உண்மையா பொய்யா என்பது எங்கள் வீட்டுச் சண்டை. இப்போது அது உண்மை என்றால் அக்காவின் பிள்ளை உயிரோடு இருக்கிறான். பொய் என்றால் அவள் தேங்காய் உடைத்தது வீண். அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், குற்றம் கண்டுபிடித்த அதே பக்கங்களை மறுபடி திறந்து, இந்த முறை ஒரு நல்ல அடையாளத்தைத் தேடினேன். ஒரு விலாசம், ஒரு இலக்கம், யாராவது ஒரு மனிதரின் கையெழுத்து. என் கணவரை விட நான் அதை நம்ப விரும்பினேன். ஒன்றும் இல்லை.

அக்கா திரையில் முகம் முட்டும் அளவுக்குக் குனிந்தாள்.

"கொஞ்சமும் மெலியேல்ல" என்று சிரித்தாள். "அப்பிடியே இருக்கிறான்."

பிறகு அவளுடைய சிரிப்பு நின்றது. திரையில் அவனுடைய தோளைத் தொட்டாள்.

"இது என்ர கை" என்றாள்.

ரவுனில் ஒரு ஸ்ரூடியோவில் தாயும் மகனுமாக எடுத்த படம் அது. அதைத்தான் எல்லா இடமும் கொடுத்திருந்தோம். கந்தோர்களில் அவனுடைய முகம் மட்டும் போதும் என்றார்கள். அக்காவை நான்தான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். தோளில் கிடந்த விரல்களை வெட்டினால் தோளும் போய்விடும் என்று அவற்றை மட்டும் விட்டேன். மீன் வெட்டும்போது கத்தி பட்டு வளைந்துபோன அவளுடைய சுட்டுவிரல், பரிசு வென்றவனின் தோளில் அப்படியே இருந்தது.

அவள் அழவில்லை. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். அவள் போட்ட சத்தத்தில் கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒருத்தரிட்டப் பத்துச் சதம் கூட்டி வாங்காத பிள்ளை! அவன்ர முகத்தைக் காட்டி ஊரை ஏமாத்திறாங்களே, நாசமாப் போவாங்கள்! எத்தினை பேர் இந்த முகத்தைப் பாத்து நம்பிக் காசு கட்டிச்சுதுகளோ!"

எங்கள் பின்னால் வந்திருந்த என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். முகம் காட்டுறவன் ஏமாத்த மாட்டான் என்ற கதையை அவர் அதன்பிறகு எடுக்கவே இல்லை.

"இவங்களுக்கு எழுத ஏலுமே?" என்று அக்கா கேட்டாள். தளத்தின் அடியில் செய்தி எழுத ஒரு கட்டம் இருந்தது. காட்டினேன்.

"அப்ப எழுது. இது என்ர மகன். இவன் காரொண்டும் வெல்லேல்ல. இவனைக் காணாமல் தேடிக்கொண்டிருக்கிறம். படத்தை எடுங்கோ எண்டு எழுது." கொஞ்சம் நின்று, "இவன் எங்கயெண்டு தெரிஞ்சால் சொல்லச் சொல்லு" என்றாள்.

"அக்கா, இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டால் என்ன குறைஞ்சா போகும்? எல்லாரிட்டயும் கேட்டனாங்கள்தானே."

அவள் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி, என் மின்னஞ்சல் முகவரியையும் போட்டு அனுப்பினேன். நாங்கள் காசு கொடுத்து எழும்புவதற்கு முன்பே பதில் வந்து விழுந்தது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ கந்தோர்களுக்கு எழுதினோம். ஒன்றிலிருந்தும் ஒரு வரி வந்ததில்லை. பதில் என்று ஒன்று வந்தது அன்றைக்குத்தான்.

"என்னவாம்? வாசி."

கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். "வாழ்த்துகள். நீங்களும் எங்கள் அதிர்ஷ்டசாலிகளில் ஒருவர். உங்கள் பரிசு உங்களுக்காகக் காத்திருக்கிறது."

அவள் முழுவதையும் கவனமாகக் கேட்டாள்.

"பிள்ளையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?" என்றாள்.

இல்லை என்றேன்.