அடுத்த வாரம் அக்கா

மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் ரிசல்ட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு 'அடுத்த வாரம் அக்கா' என்று பெயர். அவள்தான் என்ன செய்வாள்? சளியிலிருக்கும் கிருமி தட்டில் வளர்ந்தால்தானே அது இன்னதென்று சொல்ல முடியும்? கிருமியோ யாருக்காகவும் அவசரப்படுவதில்லை. கெஞ்சினவர்களுக்கும் சண்டைக்கு வந்தவர்களுக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

பிறகு புது மெஷின் வந்தது. துளி சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி உள்ளே வைத்தால், அதன்மேல் ஒளியைப் பாய்ச்சும். ஒவ்வொரு கிருமியும் ஒளியைத் தன் பாணியில் சிதறடிக்குமாம். சிதறிய விதத்தை முன்பே தெரிந்த கிருமிகளோடு ஒப்பிட்டு, மெஷின் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு டீ ஆறுவதற்குள் பதில். அக்காவின் பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. ஊர் வாய் அப்படி.

அவளுடைய அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மாதக்கணக்காக இருமல். கேட்டால் புகை, தூசி, பழைய வேன் என்று எதன் தலையிலாவது பழியைப் போடுவார். அந்த வேனின் முன்சீட்டில், அவர் பக்கத்திலேயே, உட்கார்ந்து போகிறவள் அக்காவின் ஒரே மகள். தாய்மாமன் வேனில் முன்சீட்டை வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பாள்? அவளும் இரும ஆரம்பித்த அன்றுதான் இது வெறும் தூசி இருமல் இல்லையோ என்ற பயம் அக்காவுக்கு வந்தது.

முதலில் மகளையல்லவா சோதிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அந்தத் துணிச்சல் அவளுக்கு இல்லை. அண்ணனுக்கு இல்லையென்றால் மகளுக்கும் இருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டு அண்ணனைப் பிடித்தாள்.

"சளி மட்டும் கொடுத்துட்டுப் போண்ணா."

"ரிசல்ட்?"

"வர்றப்ப வரும்."

எப்படியும் அடுத்த வாரம்தானே, அதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடலாம் என்பது புது மெஷினைப் பற்றித் தெரியாத அவர் எண்ணம். தங்கை அதைத் திருத்தவில்லை. பொய் என்று சொல்ல முடியாது, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவே. அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தபோதே, மெஷினைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் பெண் எட்டிப் பார்த்தாள். டிபி.

அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏமாத்திட்டியே! ஒரு ராத்திரியாவது தெரியாம இருந்திருப்பேனே!"

"விடிஞ்சதும் வேன் எடுப்பியே."

அவர் வேன் சாவியை ஜன்னலுக்குள் தள்ளினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"பாப்பா என் பக்கத்துலதானே உக்காருவா?"

"ஆமா."

மறுநாள் காலையில் வேன் பிள்ளைகளைச் சோதிக்க ஆட்கள் கிளம்பிப் போனார்கள். மகளின் சளி மெஷினுக்குள் போனது. ரிசல்ட் உறையும் சுடச்சுட ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது. அக்கா ஊரார் உறைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். மகளுடையதை மட்டும் அடியில் தள்ளிக்கொண்டே இருந்தாள். டெக்னீஷியன் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "ஒண்ணும் சொல்லாத தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணனுக்கு ஒரு ராத்திரி கொடுக்காதவள், தனக்கு ஒரு பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை.

மூடுகிற நேரத்துக்கு அண்ணன் வந்தார். முகத்தில் மாஸ்க், கையில் மாத்திரைப் பை. தள்ளியே நின்றார்.

"என்ன வந்திருக்கு?"

"பிரிக்கல."

"இங்க கொடு."

தன் ரிசல்டுக்குப் பயந்து மாதக்கணக்கில் ஓடி ஒளிந்த மனுஷன், தங்கை மகளின் உறையை நின்ற இடத்திலேயே கிழித்தார். ஒருமுறை படித்தார். போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பி இன்னொருமுறை படித்தார்.

"இல்லம்மா. அந்தக் கிருமி இல்ல. சாதாரணச் சளிதானாம்."

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா கதவைத் திறந்துகொண்டு அவரிடம் ஓடினாள்.

அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"கிட்ட வராத. நீ வீட்டுக்குப் பாப்பாகிட்டப் போகணும்."