காரியாபட்டி தாண்டித் திருப்பிய வேன்

அருப்புக்கோட்டை டாக்ஸி ஸ்டாண்டில் பத்து வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டினேன். முதலில் ஓட்டியது முதலாளியின் பழைய டீசல் கார். முதலாளி பஜாரில் வத்தல், பருப்பு மொத்த வியாபாரம் செய்தவர். அந்தக் காரோடு மல்லுக்கட்டியே என் தோள்பட்டை இறங்கிப் போனது. வெயில் காலத்தில் திருச்சுழி போய்த் திரும்புவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கையில் டப்பாவோடு கரிசல் காட்டுக்குள் தண்ணீர் தேடிப் போவேன். அந்தப் பக்கம் குடிக்கவே தண்ணீர் கிடையாது. வண்டிக்கு யார் கொடுப்பார்கள்?

எண்பதுகளின் நடுவில் முதலாளி ஒரு வெள்ளை வேனுக்குப் பதிந்து வைத்தார். ஜப்பான் கம்பெனி ஒன்று இங்கே கூட்டுச் சேர்ந்து வடக்கே செய்த வண்டி. நெடுநாள் காத்திருந்து ஒருவழியாகக் கைக்கு வந்தது. மதுரையிலிருந்து நான்தான் ஓட்டி வந்தேன். ஸ்டாண்டில் நிறுத்தியதும் மற்ற டிரைவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"என்னலே இது, ரொட்டி டப்பாவுக்குச் சக்கரம் மாட்டிக் கொண்டாந்திருக்க? எதுத்தாப்புல லாரி வந்தா அந்தக் காத்துலயே பறந்துரும்."

இரண்டு மாதத்தில் சிரிப்பு நின்றது. சாவியை ஒரு தரம் திருப்பினால் போதும், வண்டி உறுமாமல் உயிர் பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் ராமநாதபுரம் போய்த் திரும்பினாலும் கொதிக்காது. எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருந்ததால் எனக்குத்தான் உட்காருமிடம் அடுப்பு மாதிரி சுடும். ஆனால் சத்தம் குறைவு. டீசல் காரில் பின்சீட்டில் கொலையே நடந்தாலும் முன்னால் இருப்பவனுக்குக் கேட்காது. இதில் பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டாலும் கேட்கும்.

சர்வீசுக்கு மதுரை போகும்போது அங்கே ஒரு மெக்கானிக் பழக்கமானார். வடக்கே போய்ப் பயிற்சி எடுத்து வந்தவர். அந்தக் கம்பெனியின் கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். ஆரம்பத்தில் அவர்கள் செய்தது வண்டி அல்ல, தறி. பருத்தி விவசாயி ஒருவரின் மகன், தச்சு வேலை பழகியவர், தன் அம்மா நெய்வதற்காக ஒரு தறி செய்து கொடுத்தாராம். அது நன்றாக ஓடவே ஊரெல்லாம் கேட்டு வந்து, தறிக் கம்பெனியாக வளர்ந்தது. உலகச் சண்டைக்குப் பிறகு பருத்தித் தொழில் படுத்தபோது சைக்கிளில் சின்ன மோட்டாரை மாட்டி விற்றார்கள். அதன் பிறகு மோட்டார் சைக்கிள், அப்புறம் குட்டிக் கார்.

எனக்கு அது எங்கள் வீட்டுக் கதை போலவே கேட்டது. நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். அப்பாவும் அண்ணனும் தறியில்தான் இருந்தார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் அவர் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். வேனின் பக்கக் கதவை இரண்டு தரம் இழுத்துத் தள்ளிப் பார்த்தார். அது தண்டவாளத்தில் நழுவுகிற கதவு.

"அவுகளுக்குப் பருத்தி விழுந்துச்சு, காரு செஞ்சாக. நமக்கு விழுந்தா நம்ம என்ன செய்ய?" என்றார்.

பதிலை எதிர்பார்த்து அவர் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நடந்துபோனார்.

முதல் வருஷம் கல்யாணம், காதுகுத்து, திருச்செந்தூர் என்று வண்டி ஓடியது. அந்த நழுவுகிற கதவும், பின்சீட்டைக் கழற்றினால் கிடைக்கிற சமதளமும் அதன் தலையெழுத்தை மாற்றின. எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு பிரசவக் கேஸ். பிள்ளை குறுக்கே கிடந்தது. கார் என்றால் அந்தப் பெண்ணை மடக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். என் வேனில் பாயை விரித்து நீட்டிப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதிலிருந்து சுற்றுப்பட்டிகளில் பேச்சு கிளம்பியது. "அந்த வெள்ளை வேனுக்குச் சொல்லிவிடுங்க. அது வழியில நிக்காது."

பாம்புக்கடி, தீக்காயம், நெஞ்சுவலி எல்லாம் என்னைத் தேடி வந்தன. கொண்டுபோனவர்களில் சிலரைச் சில நாள் கழித்துப் பிணமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதையும் நானே செய்தேன். முதலாளியம்மா அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவில்லை. கல்யாண வீட்டுக்காரர்களும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கடைசியில் முதலாளி வேனை என் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். என் மனைவிகூட அதில் உட்கார மாட்டாள். பஸ்ஸில்தான் போவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாத மதியம், திருச்சுழி ரோட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. இளம் பெண் ஒருத்தி பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டாள். நான் போனபோது வாசலில் கட்டிலில் கிடந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். உடம்பெல்லாம் வேர்த்து, வாயோரம் நுரை. அவளைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தோம். புருஷன் தலைமாட்டிலும் மாமியார் கால்மாட்டிலும் உட்கார்ந்தார்கள். வேறு யாரும் ஏறவில்லை.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் வேகமாகப் பார்த்தார்கள். குடலைக் கழுவி, ஊசி போட்டு, "உடனே மதுரைக்குக் கொண்டுபோங்க, நேரத்தைக் கடத்தாதீங்க, பிழைக்க வழியிருக்கு" என்று டாக்டர் சொன்னார். அது என் காதிலும் விழுந்தது. பாளையம்பட்டி தாண்டியதும் வேகத்தைக் கூட்டினேன்.

காரியாபட்டி நெருங்கும்போது மாமியார் மகனிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "மதுரையில மாசிரேட்டு வந்து வாக்குமூலம் எழுதுவாகளாம்டா. இவ கண்ணு முழிச்சு வாயத் தொறந்தா நம்ம ரெண்டு பேரும் உள்ளதான்."

நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினேன்.

காரியாபட்டி தாண்டி ஒரு மைல் போயிருப்போம். மாமியார் ஓங்கி அழத் தொடங்கினாள். "போயிட்டாளே, மூச்சு நின்னுபோச்சே!" புருஷன் என் தோளைத் தொட்டான்.

"அண்ணே, முடிஞ்சிருச்சு. வண்டியத் திருப்புங்க. மதுரைக்குப் போனா அறுத்துக் கூறுபோட்டுத்தான் தருவாக. ஊருக்கே போயிருவோம்."

நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, கதவைத் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ சாவைப் பார்த்தவன். மூக்கில் கை வைத்துப் பார்க்கத் தெரியாதவன் இல்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு எனக்கு அந்தக் கதவைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்து, அவள் உயிரோடு இருந்தால், அவர்கள் இருவரையும் எதிர்த்து நான் ஏதாவது செய்தாக வேண்டும். இறந்துவிட்டாள் என்றால் எனக்கு வேலை இல்லை. இதை அன்று இப்படி யோசிக்கவில்லை. கை தானாகத் திருப்பியது.

பாளையம்பட்டிக்குச் சற்று முன்னால் ரோட்டில் ஒரு பள்ளம். வண்டி தூக்கிப் போட்டதும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடித்தொண்டையில் காற்று இழுக்கிற சத்தம். அதன்பின் தகரத்தில் குதிகால் உரசுகிற சத்தம்.

நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. கண் பாதி திறந்திருந்தது.

"உசுரு இருக்கு," என்றேன்.

"அது போற உசுருப்பா," என்றாள் மாமியார். "வீட்டுக்கு விடு. அங்கன வச்சுப் போகட்டும்."

புருஷன் அழுதுகொண்டிருந்தான். அவன் உண்மையாகத்தான் அழுதான், அதை நான் மறைக்க முடியாது. நான் ஏறி, நேரே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளே எடுத்துப்போன கொஞ்ச நேரத்தில் இறந்தாள்.

முதலில் பார்த்த அதே டாக்டர் வெளியே வந்தார். "அப்பவே கிளம்பினீங்களே, இவ்வளவு நேரம் எங்கே இருந்தீங்க?"

புருஷன் முந்திக்கொண்டான். "வழியில வேன் நின்னுபோச்சுங்கய்யா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

கல்யாணமாகி மூன்று வருஷம்தான் ஆகியிருந்ததால், சட்டப்படி போலீசும் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வும் விசாரித்தார்கள். இரண்டு இடத்திலும் நான் வண்டி ரிப்பேர் என்றே எழுதிக் கொடுத்தேன். வெயிலில் பெட்ரோல் ஏறவில்லை, அரை மணி நேரம் நின்றுவிட்டது என்று. திருப்பியவன் நான். அதைச் சொன்னால் என்னையும் சேர்த்துப் பிடிப்பார்கள் என்ற பயம். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவளுடைய அண்ணன் ஸ்டாண்டுக்கு வந்தான். கமுதிப் பக்கம் விறகை எரித்துக் கரிமூட்டம் போடுகிறவன். நகத்துக்குள்ளெல்லாம் கரி. சத்தம் போடவில்லை. என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, இது வழியில நிக்கவே நிக்காதுன்னு எங்க ஊரு வரைக்கும் சொல்லுதாக. அன்னைக்கு மட்டும் எப்படிண்ணே நின்னுச்சு?"

"மெசினு தானப்பா," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மற்ற டிரைவர்களிடம் போய், இந்த வேன் இதற்கு முன் எப்போதாவது நின்றிருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டான். எல்லாரும் இல்லை என்றார்கள். என்னைக் காட்டிக் கொடுக்க அவர்கள் சொல்லவில்லை. என் வண்டியைப் பெருமையாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே போய், நடந்ததை முழுதும் சொன்னேன். மாமியார் சொன்னதையும், நான் திறந்து பார்க்காமல் திருப்பியதையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"திருப்புன எடத்தக் காட்டுங்க," என்றான்.

காரியாபட்டி தாண்டி அந்த இடத்தில் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் கருவேல முள். அவன் இறங்கி மதுரைப் பக்கம் பார்த்தபடி நின்றான்.

"இன்னும் எம்புட்டு தூரம் இருந்துச்சு?"

"அரை மணி நேரம் போல."

"அரை மணி நேரம்," என்று அவனும் ஒரு தடவை சொன்னான். பிறகு ரோட்டோரம் குந்தி, இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். பக்கத்தில் போகிற தகுதி எனக்கு இல்லை.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் முன்பு சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். கேஸ் நடந்தது. வருஷக்கணக்கில் வாய்தா. கடைசியில் ஒருநாள் கூண்டில் ஏறினேன். புருஷன் தரப்பு வக்கீல் நான் முன்பும் பின்பும் எழுதிக் கொடுத்த இரண்டு காகிதங்களையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆர்.டி.ஓ. முன்னாடி வண்டி ரிப்பேர்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அது பொய்யா?"

"பொய்தான்."

"அதிகாரி முன்னாடி பொய் சொல்றவர்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. அப்ப இன்னைக்குச் சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?"

கோர்ட் என் சாட்சியை ஏற்கவில்லை. புருஷனும் மாமியாரும் விடுதலை ஆனார்கள். தீர்ப்பு நாளில் அவளுடைய அண்ணன் வரவில்லை. அவனுக்குத் தீர்ப்பை யார் சொன்னார்களோ தெரியாது. அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவே இல்லை.

நான் வேனை ஒரு பூ வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு மில் பஸ் ஓட்டப் போனேன். தொண்ணூறுகளின் கடைசியில் காரியாபட்டிச் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் என் கையைப் பிடித்தான். அந்தப் புருஷன். கொஞ்சம் சதை போட்டிருந்தான். பக்கத்தில் கைக்குழந்தையோடு அவன் புது மனைவி நின்றாள்.

"நல்லாருக்கீகளாண்ணே?" என்றான், நான் கூண்டேறிச் சொன்னதெல்லாம் நடக்காதது போல, சொந்தக்காரனைப் பார்த்தது போல.

"நல்லாருக்கேன்," என்றேன்.

"இவுகதான் அன்னைக்கு வேன் ஓட்டுனவுக," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னான். அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டாள். நானும் கும்பிட்டேன். பிறகு அவர்கள் கூட்டத்துக்குள் போனார்கள். நான் வாங்கிய கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.