ஏழு வரிகளும் இரண்டு குங்குமப் பொட்டுகளும்

லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்த நாட்களில் இரண்டு தொலைக்காட்சிகள் இருந்தன. வீட்டில் இருந்தவர்களோ ஐந்து பேர்தான். அப்பாவின் தம்பியான சித்தப்பா ஜெர்மனியிலிருந்து வந்தபோது ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மாவின் தம்பியான மாமா பிரான்சிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். இரண்டும் பத்து வருடங்களுக்கு முன்பே கடைகளில் தோற்றுப்போனவை. என் வகுப்பில் முப்பது பேர். ஒருவனுக்கும் அவற்றின் பெயர் தெரியாது.

குரோய்டனில் மாதம் ஒரு ஞாயிறு மண்டபம் எடுத்துக் கூடிய வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பத்தொன்பது பேர், எண்ணியிருக்கிறேன். சித்தப்பாவின் பெட்டிக்காரர்கள் சன்னல் பக்கம், மாமாவின் பெட்டிக்காரர்கள் சுவர்ப் பக்கம். தேநீர் கூடத் தனித்தனி. எதில் நிறம் கூட, எதில் வேகம் கூட என்று நரைத்த மனிதர்கள் கோயில் நிர்வாக சபைக்காரர்களைப் போலப் பிடுங்குப்படுவார்கள். சித்தப்பாவும் மாமாவும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து போய், மண்டப வாசலில் பிரிந்துகொள்வார்கள்.

“என்ன மச்சான், உன்ர பெட்டி இன்னும் சாகேல்லையோ?” என்று மாமா காலையில் கேட்பார்.

“உன்ரது இன்னும் பிறக்கவேயில்லை” என்பார் சித்தப்பா.

சித்தப்பாவின் பெட்டியில் ஒரு விண்கப்பல் விளையாட்டு இருந்தது. அதிகப் புள்ளி எடுத்த ஏழு பேரின் பெயர்களை, ஆளுக்கு மூன்று ஆங்கில எழுத்தாக, அது நினைவில் வைத்திருக்கும். கடைசி வரி சித்தப்பா. மற்ற ஆறும் யாரென்று எனக்குத் தெரியாது. நான் விளையாடலாம், ஆனால் புள்ளி ஏறிவிட்டால் பெயர் பதியாமல் நிறுத்திவிட வேண்டும். தோற்கப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

இரண்டு பெட்டிகளின் அடாப்டர்களும் ஒரே மாதிரி இருக்கும். மாறிச் செருகினாலும் பொருந்தும். ஆனால் உள்ளே கரண்ட் தலைகீழாகப் பாய்ந்து பெட்டி எரிந்துபோகும். அதனால் சித்தப்பா தன்னுடையதில் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.

சரஸ்வதி பூசைக்கு அம்மா என் புத்தகங்களோடு இரண்டு பெட்டிகளையும் படத்தின் முன் வைத்தார். மைத்துனரின் அடாப்டரில் பொட்டு இருக்க, சொந்தத் தம்பியினுடையது வெறுமையாகக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அதற்கும் ஒன்று வைத்தார்.

விசயதசமி காலை எதையும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றார்கள். நான் சித்தப்பாவின் பெட்டியைத் தொடங்கினேன். பொட்டை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் செருகினேன். இன்றைக்கும் எந்த மின் ஆளியைப் போட முன்னும் மூன்று தரம் பார்க்கிறேன்; மூன்றும் போதாது என்று அன்றைக்கே தெரிந்திருந்தும். பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது.

ஷிப்ட் முடிந்து வந்த சித்தப்பா ஏசவில்லை. படியில் போய் இருந்தார். மாமாவின் நக்கலுக்காகக் காத்திருந்தேன். அந்தப் பெட்டி சாகிற அன்றைக்கு ஊருக்கே மட்டன் ரோல்ஸ் வாங்கித் தருவதாக மாதக்கணக்கில் சொல்லிவந்தவர் அவர். அவரோ குரோய்டன்காரர்களுக்குப் போன் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். சன்னல் பக்கம் இரண்டு, சுவர்ப் பக்கம் இரண்டு. எங்கள் சாப்பாட்டு மேசையில் பதினொரு திருகாணிகளைக் கழற்றி, ஈயம் உருக்கி ஒட்டி, மூன்று மணித்தியாலத்தில் பெட்டிக்கு உயிர் கொடுத்தார்கள். அம்மா எல்லோருக்கும் ஒரே கேத்திலில் தேத்தண்ணி ஊற்றினார். ஆனால் பெயர்கள் இருந்த ஏழு வரிகளும் வெறுமையாக இருந்தன.

அவர்கள் போனதும் மாமா, தான் ஒருநாளும் தொடாத அந்தப் பெட்டியின் முன் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார்.

“பேரைச் சொல்லு மச்சான்.”

ஜெர்மனியில் அகதி முகாமில் தன்னோடு ஓர் அறையில் இருந்தவர்களின் பெயர்களைச் சித்தப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமா விளையாடிப் புள்ளி எடுத்து ஒவ்வொன்றாகப் பதிந்தார். ஆறாவது பெயருக்கு நாலு தரம் தோற்றார். விளையாடுவது ஒருவர், பெயர் இன்னொருவருடையது. இது களவு என்று அம்மாவிடம் முறையிட்டேன். அவர் சாப்பிடச் சொன்னார்.

ஏழாவதைச் சித்தப்பா தானே விளையாடினார்.

“அப்ப மற்ற ஆறு பேரும் வந்து தங்கட பேரைத் தாங்களே போடலாம்தானே?” என்று கேட்டேன்.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் பதில் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. காதில் விழவில்லையாக்கும் என்று நினைத்து, இரண்டாம் தரமும் கேட்டேன்.