கம்பெனி கப்பு குப்பத்துக்கு வந்த வருஷம்

போன வாரம் ஒரு பையன் கடைக்கு வந்து, "அங்கிள், டர்ஃபுக்கு வலை வோணும்" என்றான். எம்.கே.பி. நகரில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு மைதானம் போடுகிறானாம். மைதானம் என்றால் நீங்கள் நினைக்கிற மைதானம் இல்லை. பச்சை பிளாஸ்டிக் புல்லை விரித்து, சுற்றிலும் வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது. பையன் ஏதோ ஐரோப்பிய கிளப்பின் சட்டை போட்டிருந்தான். முதுகில் ஒரு பெயர். அது அவன் பெயரும் இல்லை, அவன் அப்பா பெயரும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

புதுப் பொதி ஒன்றை அவிழ்த்துக் காட்டினேன். புது நைலான் வலைக்கு ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெயும் வெயிலும் கலந்த மாதிரி இருக்கும். மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட வாசனை என்பதால் எனக்குப் பிடிக்கும். பையன் வலையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க புட்பால்லாம் பாப்பீங்களா அங்கிள்?" என்று கேட்டான்.

"பார்த்திருக்கேன் தம்பி" என்று நிறுத்திக்கொண்டேன். ஆரம்பித்தால் வலை வாங்காமல் ஓடிவிடுவான் என்ற பயம். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எதுவும் வாங்க வரவில்லை.

எங்கள் கடை காசிமேட்டுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. கயிறு, வலை, மிதவை, ஈயக்குண்டு. அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்தது. நான் ராயபுரத்திலேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கெட்டுப்போனவன். ஆனாலும் இந்த ஊருக்கு நான் அண்ணாச்சிதான். மீசை சரியாக முளைப்பதற்கு முன்பே அண்ணாச்சி ஆகிவிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்பா கல்லாவை என்னிடம் விட்ட புதிதில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனால் எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது. கணக்குப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நழுவப் பார்ப்பேன். அப்பா கண்கொத்திப் பாம்பு. "ஏல, பந்து பாக்கவா நாம ரயிலேறி இங்க வந்தோம்? எங்கல ஓடுத?" என்பார்.

ஓடியது அலைமகள் கால்பந்துக் கழகத்தின் ஆட்டம் பார்க்க. கடைக்கு எதிரே இருந்த மீனவர் குப்பத்துப் பையன்கள் வைத்திருந்த டீம் அது. பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் இருந்த மணல் திட்டில் பயிற்சி. கோல் வலை என் கடையில் கழித்துப் போட்ட பழைய இழுவை வலை. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் விசைப்படகில் போகிறவர்கள் என்பதால், யார் கரையில் இருக்கிறார்களோ அவர்கள்தான் அந்த வாரத்து டீம். எதிரணிக்காரர்கள் எங்கள் ஆட்டத்தைப் பற்றி விசாரிப்பதைவிட, எந்தப் படகு வந்துவிட்டது என்றுதான் அதிகம் விசாரிப்பார்கள்.

தேசிங்கு கரையில் இருந்தால் மட்டும் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். இடது கால் ஆட்டக்காரன். ஆடுகிற படகில் நின்று பழகிய உடம்பு, யார் வந்து முட்டினாலும் விழாது. கோட்டு ஓரமாகவே பந்தை உருட்டிக்கொண்டு போய்ச் சட்டென்று உள்ளே திரும்புவான். எதிராளி எல்லாருக்கும் தெரியும் திரும்பப் போகிறான் என்று. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது.

அவன் மனைவி கஸ்தூரி மீன் விற்றவள். ஒரு ஆட்டம் விடாமல் வருவாள். அன்றைக்கெல்லாம் பந்து பார்க்க வருகிற பெண் அவள் ஒருத்திதான். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். அண்ணாச்சி கெட்ட வார்த்தை பேச மாட்டான் என்ற நம்பிக்கை. உனக்கு அவ்வளவு பந்துப் பைத்தியமா என்று ஒருநாள் கேட்டேன்.

"பந்தாவது ஒண்ணாவது. இந்த கிரவுண்டுலதான் அண்ணாச்சி, அவரு காலு தரையில நிக்கறத நான் நிம்மதியா குந்திகினு பாக்கறேன்" என்றாள்.

அவளுடைய அண்ணன் போன படகு திரும்பி வரவில்லை. ஒரு புயல் மாதம். உடம்பும் கிடைக்கவில்லை. அதிலிருந்து தேசிங்கு கடலுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அவள் வீட்டில் அடுப்பு சரியாக எரியாது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். எப்படியாவது அவனுக்குக் கரையில் ஒரு வேலை, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வேலை எங்கே இருந்தது என்றால், பந்தில் இருந்தது. எண்ணூர்ப் பக்கம் அப்போது ஒரு பெரிய கம்பெனி. பெயர் எதற்கு, கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு டீம் உண்டு. நன்றாக ஆடுகிறவனை எடுத்து, காலையில் ஸ்டோர் ரூமிலோ கேட்டிலோ உட்கார வைத்து, மத்தியானத்துக்கு மேல் பயிற்சிக்கு விட்டுவிடுவார்கள். துறைமுகம், ரயில்வே, வங்கி என்று இன்னும் பல இடங்களிலும் இதே கதைதான். இந்தப் பக்கத்துப் பையன்கள் பந்தை உதைத்தது விளையாட்டுக்கு மட்டும் இல்லை. பந்து அவர்களுக்கு வேலைவாய்ப்பு ஆபீஸ்.

கம்பெனி வருஷா வருஷம் ஒரு கோப்பைப் போட்டி நடத்தும். மைதானம் கம்பெனியுடையது, கோப்பை கம்பெனியுடையது, ஜெயிப்பதும் கம்பெனிதான். மேனேஜர் தன் கையால் தன் ஆட்களுக்கே கொடுத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவார். அதில் ஒரு வருஷம், யாரும் எதிர்பார்க்காமல், அலைமகள் பைனலுக்கு வந்துவிட்டது. சீசன் சரியில்லாமல் படகுகள் கரையிலேயே கிடந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். குப்பத்தில் அப்படிச் சொன்னால் உதைப்பார்கள்.

இதற்கு நடுவில்தான் தேசிங்கு கம்பெனி டீம் தேர்வுக்குப் போய்விட்டு வந்தான். அங்கே இருந்த அதிகாரி, "பைனல்ல உன் ஆட்டத்தைப் பாத்துட்டுச் சொல்றேம்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தை குப்பத்தையே தூங்கவிடவில்லை.

விஷயம் இதுதான். பைனல் கம்பெனிக்கு எதிராக. தேசிங்கு கோல் அடித்தால் கம்பெனி அவனுக்கு வேலை கொடுக்குமா, கொடுக்காதா? என் கடை வாசலில் ஒரு வாரம் இதுவே பேச்சு. ஐஸ் உடைக்கிற ஏகாம்பரம்தான் எங்கள் கூட்டத்துக்குத் தலைவர், மேளமும் அவருடையது. அவர் அடித்துச் சொன்னார்: "மூஞ்சில கரிய பூசுனவன எவன் இட்டுகினு போயி ஆபீஸ்ல குந்த வெப்பான்? அடிச்சா வேல காலி. ஆனா அடிக்கணும் மாமு. அடிச்சே ஆவணும்."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னிடம் விடாமல் பேரம் பேசி என்னைத் தோற்கடிக்கிறவன் எவனோ, அவனைத்தான் நான் கடைக்கு எடுப்பேன். கஸ்தூரியிடம் இதைச் சொன்னேன்.

"உங்க ஊரு கணக்கு அது. கம்பெனிக்காரன் மானஸ்தன். பேசாம கீறீங்களா?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

தேசிங்கிடம் மட்டும் யாரும் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஏகாம்பரம் எல்லாருக்கும் கட்டளை போட்டிருந்தார். அவனும் பேசவில்லை. கடைக்கு வந்து நூல் வாங்கினான், பீடிக்கு நெருப்பு வாங்கினான், போனான். எனக்கோ கேட்க வாய் துறுதுறுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் ஏலமே நடக்கவில்லை என்று சொல்லலாம். குப்பமே லாரி ஏறிவிட்டது. மீன் லாரி. திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்க எங்களுக்கு முன்னால் எங்கள் வாசனை போனது. உடம்பு சரியில்லாத ஒருவரைப் பார்க்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு நானும் அதில் நின்றுகொண்டேன். மைதானத்தில் ஒரு பக்கம் ஷாமியானா, நாற்காலி, கம்பெனிக் குடும்பங்கள், டீ, பிஸ்கட். எதிர்ப் பக்கம் மண் மேடு, வெயில், நாங்கள். காற்று எங்கள் பக்கத்திலிருந்து அவர்கள் பக்கம் அடித்தது. கைக்குட்டைகள் மூக்குக்குப் போனதை ஏகாம்பரம் பார்த்துவிட்டு, மேளத்தை இன்னும் உரக்க அடித்தார்.

கோல் கம்பங்களில் கட்டியிருந்தது புது வலை. கம்பெனி என் கடையில்தான் வாங்கியிருந்தது. அன்றைக்கு அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

முதல் பாதியில் தேசிங்கு சரியாக ஆடவில்லை. கம்பெனியின் கோலி, அதாவது கோல் காக்கிறவன், முன்னால் ஓடி வந்து விழுந்துகிடக்க, வெற்று வலைக்கு முன்னால் நின்று பந்தை வெளியே அடித்தான். குழந்தைகூட உள்ளே தள்ளியிருக்கும். ஏகாம்பரம் மேளத்தைக் கீழே வைத்துவிட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஆனால் எல்லாரும் ஒன்றையேதான் நினைத்தார்கள். கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வேண்டுமென்றே வெளியே அடித்தானா, கால்தான் பிசகியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனைக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

ஆட்டம் முடிகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் கோலி ஓங்கி உதைத்த பந்து கோட்டு ஓரத்தில் தேசிங்கு காலில் வந்து விழுந்தது. அவன் ஓடினான். எப்போதும் போல ஓரமாகவே. எப்போதும் போலத் திரும்பினான். இரண்டு பேர் இருந்தார்கள், பிறகு இல்லை. பந்து வலையின் மேல் மூலையில் போய்க் குத்தி, அங்கேயே ஒரு நொடி மாட்டிக்கொண்ட மாதிரி நின்று, கீழே விழுந்தது.

மேடே சரிந்து மைதானத்துக்குள் இறங்கியது. யாரோ என்னைத் தூக்கினார்கள், யாரோ கீழே போட்டார்கள். ஏகாம்பரம் மேளத்தைக் கிழித்தே விட்டார். நான் எழுந்து திரும்பிப் பார்த்தபோது, அவ்வளவு பெரிய மேட்டில் கஸ்தூரி ஒருத்தி மட்டும் கூடையின்மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள்.

"போச்சு அண்ணாச்சி. எல்லாம் போச்சு. இனி இந்த ஆளு கடலுக்குத்தான் போவாரு" என்றாள்.

ஜெயித்த ஆட்டத்தில் நான் பார்த்த ஒரே அழுகை அது. அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், தேசிங்கு பெண்டாட்டி சந்தோஷம் தாங்காமல் அழுதாள் என்று சொல்வார்கள். நான் திருத்துவதில்லை. எனக்கும் அந்த நேரத்தில் கோப்பை கசந்துவிட்டது என்பதை மட்டும் உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கம்பெனி ஜீப் என் கடை வாசலில் நின்றது. அந்த அதிகாரியேதான். தேசிங்கு வீடு எது என்று கேட்டார். நான் செருப்பைக்கூடப் போடாமல் முன்னால் ஓடினேன். கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பேன்ட் போட்ட ஆளைப் பார்த்ததும் பயந்து எழுந்தாள். அவர், உங்க வீட்டுக்காரரை நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுச் சேரச் சொல்லுங்கம்மா, அடுத்த வருஷம் எங்களுக்கு ஆடணும் என்றார்.

அவள் சம்பளம் கேட்கவில்லை. "தரையிலதான சார் வேல?" என்றாள்.

"தரையிலதாம்மா. ஸ்டோர்ல."

செதில் ஒட்டிய கையோடு அவரைக் கும்பிட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தேசிங்கோடு நிற்கவில்லை. கோலியைத் துறைமுக டீம் எடுத்தது. நடுவில் ஆடிய இரண்டு பேரை ரயில்வே கூட்டிப்போனது. ஒருவன் வங்கிக்குப் போனான், பேன்ட் போட்டுக்கொண்டு வந்து எங்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னான். கோப்பையை ஜெயித்த டீமில் அடுத்த சீசனுக்கு மிஞ்சியவர்கள், ஆட வராது என்று நாங்களே கேலி செய்தவர்கள்தான்.

அவர்களை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் அதே கோப்பைக்குப் போனோம். முதல் சுற்றிலேயே கம்பெனி. தேசிங்கு கம்பெனியின் நீலச் சட்டையில் இறங்கினான். கஸ்தூரிக்கு ஷாமியானாவில் நாற்காலி இருந்தது. அவள் வந்து எங்கள் மேட்டில்தான் உட்கார்ந்தாள். பந்து தேசிங்கு காலுக்கு வந்தபோதெல்லாம் எங்கள் ஆட்கள் பழக்கத்தில், "தேசிங்கே, வுடாத!" என்று கத்தினார்கள். கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அவன் எங்களுக்கு எதிராக மூன்று கோல் போட்டான். ஒவ்வொன்றுக்குப் பிறகும் தலையைக் குனிந்துகொண்டே திரும்பி நடந்தான். மூன்றாவது கோலுக்கு ஏகாம்பரம் மேளத்தைத் தூக்கி, "நம்ம புள்ள அடிச்ச கோலு, இன்னாத்துக்கு சும்மா கீறீங்க?" என்று அடித்தார். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் லாரி ஏற்பாடு செய்ய யாரும் வரவில்லை. ஒரு சீசனோ இரண்டு சீசனோ பெயருக்கு டீம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. மணல் திட்டில் இப்போது கன்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். கம்பெனியையும் மூடிவிட்டார்கள், அந்த மைதானத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஏகாம்பரம் காலமாகிவிட்டார். தேசிங்கு ஓய்வு பெற்று, முட்டி வலியோடு நடந்து போய்ப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறான். ரோட்டில் பார்த்தால் கை தூக்குவான். கஸ்தூரிக்கு இப்போது அடுப்பு ஒழுங்காக எரிகிறது.

நல்ல வியாபாரம்தான் இது. ஒரு டீம் போய், அதற்குப் பதிலாக எத்தனையோ வீடுகளில் ஆட்கள் உயிரோடு கிழவர்களானார்கள். யாராவது என்னைக் கேட்டிருந்தாலும் இந்த விலைக்குத்தான் கொடுத்திருப்பேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. தடுக்க அப்பா இல்லை. சாவியை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. போகத்தான் இடம் இல்லை.